மெர்சியே பாலத்தின் மெர்சியே

கேள்வி: மாண்ட்ரியலுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. தினமும் மெர்சியே பாலத்தில் வண்டியோடு நிற்கிறேன். யார் இந்த மெர்சியே? என்னோடு வேலை செய்யும் கியூபெக்காரர் ஒருவர் "எங்கள் முதல் பிரிவினைவாதி" என்று பெருமையாகச் சொல்கிறார். இன்னொருவர் "ரயில்வே பணத்தைத் தின்று பதவி போன ஆள்" என்று சிரிக்கிறார். எது உண்மை?

பதில்:

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெர்சியே 1887 முதல் 1891 வரை கியூபெக் மாகாணத்தின் முதல்வர். முதலாமவர் சொன்னது தவறு. மெர்சியே கேட்டது கனடாவின் விடுதலையை. கியூபெக் தனியே பிரிய வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. இரண்டாமவர் சொன்னதில் பதவி போனது உண்மை, பணத்தைத் தின்றது நிரூபணமாகவில்லை. ஆனால் இந்த இரண்டு வரியோடு நிறுத்தினால் ஆள் பிடிபட மாட்டார். ஒரு மாகாணம் ஒட்டாவாவின், அதாவது மத்திய அரசின், முகத்தைப் பார்த்து "இது என் விஷயம், நீ தலையிடாதே" என்று சொல்லலாம் என்ற பழக்கத்தைக் கியூபெக்குக்குக் கொடுத்தவர் அவர். கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் இருந்தவரும் அவரேதான். இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன், நீளமாகத்தான் போகும். நானும் லாசாலில் பதினெட்டு வருஷமாக இருப்பவன். அந்தப் பாலத்தில் கழிந்த நேரத்தில்தான் இந்த ஆளைப் பற்றிப் படிக்கவே ஆரம்பித்தேன்.

ஒனொரே மெர்சியே 1840 அக்டோபர் 15 அன்று ரிஷலியூ ஆற்றங்கரையில், இபர்வில் பக்கத்தில் சேன்-அதனாஸ் என்ற ஊரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். மாண்ட்ரியலில் சேசு சபைப் பாதிரியார்கள் நடத்திய சேன்-மரி கல்லூரியில் படித்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இந்தச் சேசு சபை திரும்பவும் வரும்.

சட்டம் படிக்கச் சேன்-யாசாந்த் என்ற சிறு நகரத்துக்குப் போனவர், வக்கீல் ஆவதற்கு முன்பே பத்திரிகைக்காரர் ஆகிவிட்டார். 1862இல், இருபத்திரண்டு வயது நிறையும் முன்பே, 'லெ கூரியே த சேன்-யாசாந்த்' என்ற உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஆசிரியர். அந்தக் காலத்துப் பத்திரிகையை இன்றைய செய்தித்தாளோடு வைத்துப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு கட்சி உண்டு. தலையங்கம் எழுதுகிறவர்தான் மாலையில் மேடையிலும் பேசுவார், தேர்தல் வந்தால் வேட்பாளராகவும் நிற்பார். வக்கீல், பத்திரிகையாளர், அரசியல்வாதி என்று மூன்று தொழிலாக நாம் எண்ணுவது அன்றைய கியூபெக்கில் ஏறக்குறைய ஒரே தொழில்தான். வாய் இருக்க வேண்டும், கை ஓட வேண்டும், அவ்வளவுதான். மெர்சியேக்கு இரண்டும் இருந்தன.

வக்கீல் பட்டம் 1865இல் கிடைத்தது. அவருடைய வழக்குமன்ற வாழ்க்கையில் தனியாகச் சொல்லும்படி அதிகம் இல்லை. நல்ல வக்கீல், வருமானம் வந்தது, அதை அரசியல் தின்றது. முக்கியமானது 1866. அப்போது கனடா, நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே கூட்டாட்சியாக்கும் பேச்சு முற்றியிருந்தது. மெர்சியே அதை எதிர்த்தார். பிரெஞ்சு பேசுகிறவர்கள் ஒரு பெரிய நாட்டுக்குள் சிறு கூட்டமாகிவிடுவார்கள், ஒட்டாவா சொல்வதே சட்டமாகும் என்பது அவர் பயம். பத்திரிகை கூட்டாட்சிப் பக்கம் சாய்ந்ததும் ஆசிரியர் பதவியை விட்டு வெளியேறினார். 1867 ஜூலை 1 அன்று கூட்டாட்சி வந்தேவிட்டது; அவர் சேன்-யாசாந்தில் வழக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பயம் மட்டும் கடைசிவரை அவரை விடவில்லை.

அடுத்த பதினைந்து வருஷத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். 1872இல் ரூவில் தொகுதியிலிருந்து ஒட்டாவா நாடாளுமன்றம் போனார், இரண்டு வருஷம்கூட இருக்கவில்லை. 1879இல் கியூபெக் சட்டமன்றத்துக்கு வந்து முதல்வர் ஜோலியின் லிபரல் அமைச்சரவையில் சொலிசிட்டர் ஜெனரல் ஆனார். அந்த ஆட்சி சில மாதத்தில் கவிழ்ந்தது. மாண்ட்ரியலுக்குக் குடிபெயர்ந்து, அரசியலே வேண்டாம் என்று வக்கீல் தொழிலோடு ஒதுங்கப் பார்த்தார். 1883இல் மாகாண லிபரல் கட்சியின் தலைமை அவரிடம் வந்து சேர்ந்தது. கட்சி அப்போது இருந்த நிலைமையில், அதைப் பதவி உயர்வு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பாதிரியார்கள் பிரசங்கத்தில் லிபரல்களுக்கு எதிராகப் பேசுகிற காலம் அது.

பிறகு ஒரு தூக்குக் கயிறு எல்லாவற்றையும் மாற்றியது.

லூயி ரியேலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேற்குப் புல்வெளிகளில், பழங்குடியினரும் பிரெஞ்சுக்காரர்களும் கலந்து உருவான மேத்தி மக்களின் தலைவர். நில உரிமைக்காக 1885இல் சஸ்காச்சுவான் ஆற்றங்கரையில் எழுந்த கிளர்ச்சி பத்தோஷில் தோற்றது, ரியேல் சரணடைந்தார். ரெஜைனாவில் வழக்கு. ஜூரி ஆறே பேர், அத்தனை பேரும் ஆங்கிலம் பேசும் புராட்டஸ்டன்ட்கள். குற்றவாளி என்று சொன்ன அவர்களே கருணை காட்டும்படியும் பரிந்துரைத்தார்கள். பிரதமர் ஜான் ஏ. மக்டொனால்ட் அசையவில்லை. "கியூபெக்கில் உள்ள ஒவ்வொரு நாயும் அவனுக்காகக் குரைத்தாலும் தொங்கத்தான் போகிறான்" என்று அவர் சொன்னதாக ஒரு வாக்கியம் இன்றுவரை சுற்றுகிறது. 1885 நவம்பர் 16 அன்று தூக்கு நிறைவேறியது.

ஆறு நாள் கழித்து, நவம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. மாண்ட்ரியல் நகரமன்றக் கட்டடத்துக்குப் பின்னால் ஷான்-த-மார்ஸ் மைதானம் இருக்கிறதே (மெட்ரோ நிலையத்துக்கும் அதே பெயர்), அங்கே கூட்டம் கூடியது. ஐம்பதாயிரம் பேர் என்று எழுதியிருக்கிறார்கள். கொஞ்சம் ஊதியதாக வைத்துக்கொண்டாலும் அன்றைய ஊருக்கு அது பெரும் கூட்டம். ஒலிபெருக்கி கிடையாது, அதனால் பல மேடைகள், முப்பதுக்கு மேற்பட்ட பேச்சாளர்கள். வில்ஃப்ரிட் லோரியே, பின்னாளில் கனடாவின் பிரதமர் ஆனவர், "நான் சஸ்காச்சுவான் கரையில் பிறந்திருந்தால் நானும் துப்பாக்கியைத் தூக்கியிருப்பேன்" என்று பேசியது அங்கேதான். ஆனால் அன்றைய நாள் மெர்சியேயின் நாள். அவர் தொடங்கிய விதத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்:

"நம் சகோதரன் ரியேல் இறந்துவிட்டான். தான் தலைமை தாங்கிய மேத்திகளுக்காகத் தன்னைக் கொடுத்ததற்குப் பலியானான். வெறிக்கும் துரோகத்துக்கும் பலியானான்."

வெறி மக்டொனால்டுடையது. துரோகம் யாருடையது என்பதை அடுத்த மூச்சிலேயே சொன்னார்: பதவியைக் காப்பாற்றிக்கொள்ளச் சகோதரனை விற்ற நம்மவர் மூவர். மத்திய அமைச்சரவையில் இருந்த லாங்ஜவின், சாப்லோ, கரோன் என்ற மூன்று பிரெஞ்சுக் கனடியர்களைத்தான் சொன்னார் என்று கூட்டத்தில் இருந்த குழந்தைக்கும் தெரியும்.

இந்தப் பேச்சில் "நம் சகோதரன்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ரியேலின் வழக்கில் மூலப் பிரச்சினை நிலம். புல்வெளியில் யாருக்குப் பட்டா, யார் அளப்பது, ஆற்றங்கரையில் நீளவாக்கில் கிடக்கும் பழைய துண்டுகளை அங்கீகரிப்பார்களா மாட்டார்களா என்பது. மெர்சியேயின் ஒரே வாக்கியத்தில் அது பிரெஞ்சுக் கத்தோலிக்கரின் மானப் பிரச்சினையாகிவிட்டது. கியூபெக் கொதித்தது, ஆட்சி மாறியது. மேத்திகளுக்கு நிலம் கிடைக்கவில்லை. இதை அவர்மேல் குற்றமாகச் சொல்கிறேனா? கொஞ்சம், ஆமாம். இந்தப் பேச்சைப் பெருமையோடு மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தப் பக்கத்தை விட்டுவிடுவார்கள்.

இதில் சாப்லோவைப் பற்றி ஒரு வார்த்தை. அடோல்ஃப் சாப்லோவும் 1840 இலையுதிர் காலத்தில் பிறந்தவர், வக்கீல், மேடையில் நெருப்பு. அமைச்சர் பதவியை விட்டு வெளியே வாருங்கள், நீங்கள் தலைமை ஏற்றால் நான் உங்கள் பின்னால் நிற்கிறேன் என்று மெர்சியே அவருக்குச் சொன்னார். சாப்லோ மறுத்துவிட்டார். அவர் வந்திருந்தால் உங்கள் பாலத்துக்கு வேறு பெயர் இருந்திருக்கலாம்.

மெர்சியே அந்தக் கோபத்தை ஒரு கட்சியாகக் கட்டினார். பெயர் பார்த்தி நசியோனால். பாதிரியார்களைக் கண்டாலே எரிச்சல்படும் பழைய லிபரல்கள் ஒரு பக்கம். போப்பை விடக் கத்தோலிக்கராக இருக்கப் பார்க்கும், 'பீவர்கள்' என்று கேலிசெய்யப்பட்ட தீவிர கன்சர்வேடிவ்கள் இன்னொரு பக்கம். பாம்பையும் கீரியையும் ஒரே கூடையில் போட்டு, ரியேலின் பெயரால் மூடினார். 1886 அக்டோபர் தேர்தலில் அது செல்லுபடியானது. தோற்ற முதல்வர் ராஸ் ஒப்புக்கொள்ளாமல் சில மாதம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிறகு தையோன் சில நாள் உட்கார்ந்து பார்த்தார். 1887 ஜனவரி இறுதியில் மெர்சியே முதல்வர்.

முதல்வராக அவர் செய்ததில் மூன்று விஷயம் சொல்லத்தக்கவை என்பது என் எண்ணம்.

1887 அக்டோபரில் கியூபெக் நகரத்தில் மாகாண முதல்வர்கள் மாநாட்டைக் கூட்டினார். கனடாவில் அதுதான் முதல் முறை. ஒன்டாரியோவின் ஆலிவர் மோவாட், நோவா ஸ்கோஷியாவின் ஃபீல்டிங், நியூ பிரன்ஸ்விக்கின் பிளேர், மானிட்டோபாவின் நார்க்வே ஆகியோர் வந்தார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவும் பிரின்ஸ் எட்வர்ட் தீவும் வரவில்லை. மக்டொனால்டுக்கும் அழைப்புப் போனது, அவர் வர மறுத்தார். வந்த ஐந்து பேரில் நார்க்வே ஒருவர்தான் கன்சர்வேடிவ். அவரே ஆங்கிலம் பேசும் மேத்தி குடும்பத்தில் பிறந்தவர். ரியேலின் தூக்கில் ஏறி முதல்வரானவரின் மேஜையில் ஒரு மேத்தி முதல்வர் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு எப்போதும் விசித்திரமாகப்படும்.

அந்த மேஜையில் என்ன பேசினார்கள்? பணமும் அதிகாரமும்தான். அன்றைய அரசியல் சட்டப்படி, மாகாணம் போட்ட எந்தச் சட்டத்தையும் ஒட்டாவா ஒரு வருஷத்துக்குள் ரத்து செய்யலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இந்த அதிகாரம் போக வேண்டும் என்றார்கள். பணத்தைப் பொறுத்தவரை, முன்பு மாகாணங்கள் வசூலித்த சுங்கவரியெல்லாம் ஒட்டாவாவுக்குப் போய்விட்டது; பதிலுக்குத் தலைக்கு 80 சென்ட் மானியம். அதுவும் கியூபெக்குக்கும் ஒன்டாரியோவுக்கும் 1861ஆம் வருஷத்துத் தலைக்கணக்குப்படி! கால் நூற்றாண்டில் பிறந்த குழந்தைகள் ஒட்டாவாவின் கணக்கில் இல்லவே இல்லை. அதை மாற்றுங்கள் என்றார்கள். மக்டொனால்ட் தீர்மானங்களைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் மானியம் 1907இல் லோரியே காலத்தில் திருத்தப்பட்டது; மாகாணச் சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் ஏட்டில் இன்னும் இருந்தாலும் எந்தப் பிரதமரும் தொடுவதில்லை. இன்று முதல்வர்கள் கூடி ஒட்டாவாவிடம் மருத்துவச் செலவுக்குப் பணம் கேட்கும் படத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கிறீர்களே, அந்தப் படம் அங்கே தொடங்கியதுதான்.

இரண்டாவது, சேசு சபைச் சொத்து. கொஞ்சம் சிக்கலான கதை, ஆனால் மெர்சியேயின் மூளை எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. 1773இல் போப் சேசு சபையையே கலைத்தார். கனடாவைப் பிடித்திருந்த பிரிட்டிஷ் அரசு, இங்கிருந்த கடைசிச் சேசு சபைப் பாதிரியார் 1800இல் சாகும்வரை காத்திருந்து, நிலங்களை எடுத்துக்கொண்டது. கியூபெக் நகரத்தில் இருந்த அவர்களின் பெரிய கல்லூரி ராணுவக் கொட்டடியானது. 1842இல் சபை திரும்பி வந்து, எங்கள் சொத்தைக் கொடுங்கள் என்றது. ஆயர்கள், இல்லை, அது எங்களுக்கு என்றார்கள். அரசுக்கு விற்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. ஏலத்துக்கு வந்தால் பாதிரியார் சாபத்துக்குப் பயந்து யாரும் வாங்க மாட்டார்கள். வந்த முதல்வர்கள் எல்லாரும் கோப்பை அடுத்தவர் மேஜைக்குத் தள்ளிவிட்டார்கள்.

மெர்சியே, சேசு சபையிடமே படித்தவர், நேரே ரோமுக்கு எழுதினார். 1888இல் சட்டம் வந்தது: அரசு 4,00,000 டாலர் கொடுக்கும், அதை யார் யாருக்கு எவ்வளவு என்று போப் பிரித்துக்கொடுப்பார், கத்தோலிக்கர் அதோடு உரிமைக் கோரிக்கையை முடித்துக்கொள்வார்கள். புராட்டஸ்டன்ட் பள்ளிகளுக்குத் தனியே 60,000 டாலர். போப் பிரித்ததில் சேசு சபைக்கு 1,60,000, லவால் பல்கலைக்கழகத்துக்கு அதன் மாண்ட்ரியல் கிளையும் சேர்த்து 1,40,000, மிச்சம் மறைமாவட்டங்களுக்கும் மற்றவர்களுக்கும். கியூபெக் சட்டமன்றத்தில் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை, புராட்டஸ்டன்ட் உறுப்பினர்கள் உட்பட.

வெடித்தது ஒன்டாரியோவில். விக்டோரியா ராணியின் பெயரால் போட்ட சட்டத்துக்குள் போப்பின் கடிதப் போக்குவரத்து அச்சாகியிருந்தது! டி'ஆல்ட்டன் மெக்கார்த்தி என்ற கன்சர்வேடிவ் தலைவர், ஒட்டாவா இந்தச் சட்டத்தை ரத்து செய்தே ஆக வேண்டும் என்று கிளம்பினார். மக்டொனால்ட் என்ன செய்தார் தெரியுமா? மாட்டேன் என்றார். தன் பரம எதிரியின் சட்டத்தை, தன் கட்சிக்காரனுக்கு எதிராகக் காப்பாற்றினார். 1889 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் ரத்து கோரிய தீர்மானத்துக்குக் கிடைத்தது 13 வாக்கு, எதிராக 188. முதல்வர்கள் மாநாடு கேட்டுக் கிடைக்காததை, ஒரு பழைய பாதிரியார் தகராறு நடைமுறையில் வாங்கிக் கொடுத்தது.

மூன்றாவது, நிலமும் குடியேற்றமும். 1840க்கும் 1930க்கும் இடையில் ஏறக்குறைய ஒன்பது லட்சம் பிரெஞ்சுக் கனடியர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள், பெரும்பாலும் லோவல், ஃபால் ரிவர் போன்ற ஊர்களின் பஞ்சாலைகளுக்கு. ஊர் காலியாகிறது என்ற பயம் கியூபெக்கில் எல்லாருக்கும் இருந்தது. மெர்சியே விவசாயத்துக்கும் குடியேற்றத்துக்கும் தனி இலாகா உண்டாக்கி, அதற்கு அதிகாரியாக சேன்-ஜெரோம் ஊர்ப் பங்குப் பாதிரியார் லபெலைப் போட்டார். லபெல் நூற்று ஐம்பது கிலோவாவது இருந்திருப்பார். 'வடக்கின் ராஜா' என்று பட்டப்பெயர். லோரன்ஷியன் மலைகளில் காட்டை வெட்டி ஊர் உண்டாக்குவதே அவர் ஜெபம். பாதிரியாரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்ட லிபரல் முதல்வர்! பழைய லிபரல்கள் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். 1890இல் வந்த இன்னொரு சட்டம் இன்றும் சிரிக்கவைக்கும்: உயிரோடு பன்னிரண்டு குழந்தைகள் இருக்கும் குடும்பத்துக்கு அரசு நூறு ஏக்கர் நிலம் இலவசம். மனு போடத் தகுதியுள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள் என்பதுதான் அந்தக் காலத்துக் கியூபெக். பஞ்சாலையில் பகல் முழுதும் நின்றவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தர இரவுப் பள்ளிகளையும் அவர்தான் திறந்தார். நூறு ஏக்கர் சட்டத்தைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் இரவுப் பள்ளிகளை மறந்துவிடுகிறார்கள்.

இனி, உங்கள் இரண்டாவது நண்பரின் விஷயம்.

1890 ஜூனில் மெர்சியே முன்பைவிடப் பெரிதாக ஜெயித்தார். 1891 வசந்தத்தில் கடன் வாங்கவும் கௌரவம் வாங்கவும் ஐரோப்பா போனார். போப் பதின்மூன்றாம் லியோ அவருக்குப் பரம்பரைக் கவுண்ட் பட்டம் கொடுத்தார். பிரான்ஸ் லீஜியன் ஆஃப் ஆனர் கொடுத்தது. நார்மண்டிப் பக்கம் துரூவ்ர் என்ற சிற்றூருக்குப் போனார். அவருடைய மூதாதை ழுலியன் மெர்சியே 1647இல் கிளம்பிய ஊர் அது. அந்த ஊர்க் கோயிலில் இன்றும் இரண்டு வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் இருக்கின்றன: ஒன்றில் மூதாதை கிளம்புகிறார், மற்றொன்றில் பேரன் தொப்பியோடு திரும்பி வருகிறார். பகட்டு அவருக்குப் பிடிக்கும், மறைக்கவில்லை.

அவர் அங்கே விருந்தில் இருந்தபோது இங்கே ஒரு கணக்கு முடிந்துகொண்டிருந்தது. காஸ்பே தீபகற்பத்தின் தெற்குக் கரையில் பே-தெ-ஷலர் ரயில் பாதை பாதியில் நின்றிருந்தது. ஆம்ஸ்ட்ராங் என்ற ஒப்பந்தக்காரர் தனக்குப் பாக்கி வர வேண்டும் என்று விடவில்லை. அவரைத் தீர்த்து அனுப்ப மாகாண அரசு 1,75,000 டாலர் கொடுத்தது. அதில் 1,00,000 டாலர் அவர் கையிலிருந்து நேரே எர்னஸ்ட் பக்கோ கைக்குப் போனது. பக்கோ யார்? 'லெலெக்த்தர்' என்ற லிபரல் பத்திரிகையின் ஆசிரியர், கட்சியின் பணப்பெட்டி. அந்தப் பணத்தில் ஒரு பகுதி, கட்சித் தலைவர்கள் கையெழுத்துப் போட்டிருந்த கடன் பத்திரங்களை அடைக்கப் போனது. பத்திரிகை, கட்சி, கடன், ஒப்பந்தம் எல்லாம் ஒரே சட்டைப்பையில். முன்னால் சொன்னேனே, அந்தக் காலத்தில் ஒரே தொழில் என்று. அதன் இன்னொரு முகம் இது.

1891 ஆகஸ்டில் ஒட்டாவா செனட் குழு ஒன்றின் முன்னால் இது வெளியே வந்தது. கன்சர்வேடிவ்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. ஏனென்றால் அதே மாதங்களில் அவர்கள் தங்கள் சொந்த ஊழலில் மூழ்கிக்கொண்டிருந்தார்கள்: கியூபெக் துறைமுக வேலை ஒப்பந்தங்களில் காசு அடித்ததாக மெக்கிரீவி என்ற எம்பி நாடாளுமன்றத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார், மத்தியப் பொதுப்பணி அமைச்சர் லாங்ஜவின் ராஜினாமா செய்தார். ஆம், ஷான்-த-மார்ஸ் பேச்சில் வந்த மூவரில் ஒருவர்.

இப்போது ஆளுநர் வருகிறார். ஆட்சிக் கலைப்புக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பகுதி விளக்கமே இல்லாமல் புரியும். ஒட்டாவா நியமித்த லெப்டினன்ட் கவர்னர் ஓகுஸ்த்-ரேயால் ஆஞ்சே, மூன்று நீதிபதிகள் கொண்ட விசாரணைக் குழு வேண்டும் என்று வற்புறுத்தினார். மெர்சியே இறங்கி வந்தார். டிசம்பரில், மூவரில் ஒருவரான ஜெத்தே உடல்நலமில்லாமல் இருந்தபோது, மற்ற இருவர் இடைக்கால அறிக்கை கொடுத்தார்கள். மறுநாளே, 1891 டிசம்பர் 16 அன்று, ஆஞ்சே முதல்வரை நீக்கினார். சட்டமன்றத்தில் மெர்சியேக்கு அசைக்க முடியாத பெரும்பான்மை. ஒரு வாக்கெடுப்புக்கூட நடக்கவில்லை. பின்னால் ஜெத்தே தனியாக எழுதிய அறிக்கையில், மெர்சியேக்கு இந்தப் பேரம் தெரியும் என்பதற்கு ஆதாரமில்லை என்றார். ஜெத்தே மெர்சியேயின் பழைய அரசியல் தோழர் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இது. பதின்மூன்று வருஷம் முன்னால், 1878 மார்ச்சில், லெதெலியே என்ற லிபரல் கவர்னர் பூஷர்வில் என்ற கன்சர்வேடிவ் முதல்வரை இதே மாதிரி, சட்டமன்றப் பெரும்பான்மை இருக்கும்போதே, நீக்கினார். அன்று பூஷர்வில்லின் அட்டர்னி ஜெனரலாக இருந்து "இது அக்கிரமம்" என்று கொதித்தவர் யார்? இதே ஆஞ்சே. அந்த நீக்கத்தால் பதவிக்கு வந்த ஜோலி அரசில் பின்னர் அமைச்சராக உட்கார்ந்தவர் யார்? மெர்சியே. இப்போது 1891இல் மெர்சியேயை நீக்கிய ஆஞ்சே புது ஆட்சி அமைக்கக் கூப்பிட்டது யாரை? கிழவர் பூஷர்வில்லைத்தான். கொள்கை என்று இருவருமே முழங்கியிருக்கிறார்கள். கணக்குத் தீர்த்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1892 மார்ச் தேர்தலில் லிபரல்கள் துடைத்தெறியப்பட்டார்கள். ஆனாலும் மெர்சியே பொனவாந்தூர் தொகுதியில் ஜெயித்தார். அந்தத் தொகுதி எங்கே இருக்கிறது? பே-தெ-ஷலர் கரையில். எந்த ரயில் பாதைக்காக அவர் விழுந்தாரோ அந்தப் பாதைக்காகக் காத்திருந்த மீனவர்களும் விவசாயிகளும் அவரைக் கைவிடவில்லை. அவர்களுக்கு ரயில் வேண்டும், பக்கோ கணக்கு அவர்களுக்கு எதற்கு?

பிறகு அவர்மேல் குற்ற வழக்கும் வந்தது. வழக்கு ரயில்வே பற்றியதல்ல, அரசு எழுதுபொருள் ஒப்பந்தம் பற்றியது. 1892 நவம்பர் 4 அன்று ஜூரி விடுதலை செய்தது. ஆகவே உங்கள் நண்பரிடம் இப்படிச் சொல்லலாம்: சட்டப்படி நிரபராதி, அரசியல்படி பொறுப்பாளி. ஒரு லட்சம் டாலர் தன் கட்சியின் பணப்பெட்டிக்குள் விழுந்த சத்தம் முதல்வர் காதில் விழவே இல்லை என்றால், அந்தக் காது கேட்க விரும்பவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கையில் காசு இல்லை, திவால். மருமகன் லோமெர் குவான், ரோடோல்ஃப் லெமியூ என்ற இளைஞர் இருவரோடும் மறுபடி வக்கீல் அலுவலகம். நீரிழிவு முற்றியிருந்தது, இன்சுலின் வர இன்னும் முப்பது வருஷம் இருந்தது. அந்த நிலையில்தான் உங்கள் முதல் நண்பர் குறிப்பிடும் பேச்சு. 1893 ஏப்ரல் 4, மாண்ட்ரியல் சோமெர் பூங்கா அரங்கம். தலைப்பு 'கனடாவின் எதிர்காலம்'. பிரிட்டனின் காலனியாக நீடிப்பதா, அமெரிக்காவோடு சேர்வதா, தனி நாடாவதா என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முடிக்கும்போது, அடிமைகளாகக் காலனி நிலையில் இருக்கலாம், இல்லை உலகத்தின் நாடுகள் எல்லாம் தங்கள் பந்திக்கு அழைக்கும்போது சுதந்திரர்களாகப் போய் உட்காரலாம், ஆண்களே பெண்களே குழந்தைகளே, தேர்ந்தெடுங்கள் என்றார். பந்தியில் இடம் கேட்டது முழுக் கனடாவுக்கும். ஆங்கிலம் பேசுகிறவர்களும் அதில் அடக்கம். எழுபது எண்பது வருஷம் கழித்துக் கியூபெக் விடுதலை பேசியவர்கள் இந்தப் பேச்சின் கடைசிப் பகுதியை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டார்கள். நண்பர் பள்ளியில் கேட்டது அந்தத் துண்டாக இருக்கும்.

1894 அக்டோபர் 30 அன்று, ஐம்பத்து நான்கு வயதில் இறந்தார். இரண்டரை வருஷம் முன்பு அவர் கட்சியைத் துடைத்தெறிந்த மாகாணத்தின் பெருநகரத்தில், ஊர்வலத்துக்குத் தெருக்கள் கொள்ளவில்லை. கோத்-தெ-நேஜ் கல்லறையில் புதைத்தார்கள். மருமகன் குவான் 1905இல் முதல்வராகிப் பதினைந்து வருஷம் ஆண்டார். பக்கோவின் பத்திரிகை 1896இல் ஆயர்களின் தடைக்கு உள்ளானதும் ராத்திரியோடு ராத்திரியாகப் பெயரை 'லெ சொலெய்' என்று மாற்றிக்கொண்டது. கியூபெக் நகரத்தில் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

பாலம் 1934இல் திறந்தது. வடக்கு முனை லாசால், தெற்கு முனை மோஹாக் மக்களின் கானவாகே. பெயர் வைத்தது மருமகன் வழியில் வந்த லிபரல் ஆட்சிதான், அதில் ஆச்சரியமில்லை. சிலை வேண்டுமானால் கியூபெக் நகரத்தில் சட்டமன்றத்துக்கு முன்னால் நிற்கிறது, 1912இல் வைத்தது. அதைச் செய்த பிரெஞ்சுச் சிற்பி போல் ஷெவ்ரே அதன் திறப்பு விழாக் காலத்தை ஒட்டிக் கனடாவுக்கு வரக் கப்பல் ஏறினார். கப்பல் டைட்டானிக். முதலில் இறங்கிய உயிர்காப்புப் படகுகளில் ஒன்றில் ஏறித் தப்பித்தார்.  மெர்சியே சிலையும் பத்திரமாக வந்து சேர்ந்தது.